மோட்டார் தாங்கும் உஷ்ணம்

1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய பின்னர், நெல்லைச் சீமைக் கிணறுகளில் கமலை படிப்படியாய் மறைந்து மோட்டார் வந்தது. மாட்டின் சக்தியறிந்து பாரமேற்றிய நாம், மோட்டார் தாங்கும் உஷ்ணத்தை அறியவேண்டாமா?

மோட்டாரிலுள்ள செப்புக் கம்பிச் சுருளை மூடிய வார்னிஷ், காகிதம் முதலியவை மின்காப்பு எனப்படும். அது தாங்கும் உச்ச உஷ்ணத்தையொட்டி வகுப்புகள் உள: ஏ 105, ஈ 120, பி 130, எஃப் 155, எச் 180 டிகிரி சென்டிகிரேட். இவ்வெழுத்தை மோட்டாரின் பெயர்த்தகட்டில் காணலாம்.

சூழ்காற்று 40 டிகிரி என்று வைத்தே கணக்கிடுவர். பி வகுப்புச் சுருள் அதற்குமேல் சராசரி 80 டிகிரி ஏறலாம், ஆக 120. எஞ்சிய 10, சுருளில் மிக அதிகமாய்ச் சுடும் இடத்திற்காக விடப்பட்டது. வரம்பு மீறிய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்; 20 மீறினால் கால்பங்கே நிற்கும்.

சாயர்புரத்துக் கோடையில் தகரக் கொட்டகைக்குள் காற்று 50 டிகிரியானால், ஏறத்தக்க அளவு 70-ஆகக் குறைந்துவிடும். ஆதலின் எதிரெதிரே சாளரம் வையுங்கள். விசிறி மூடியில் படியும் புழுதியைத் துடையுங்கள். மூன்று பேஸில் ஒன்று அற்றால் உடனே நிறுத்துங்கள்; மின்னோட்டம் இருமடங்கானால் சுருளில் உண்டாகும் உஷ்ணம் நான்மடங்காகும்.

கருகிய மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுக்கும்போது, பழைய வகுப்பிற்குக் குறையாத கம்பியும் காகிதமும் இடப்பட்டனவென்று பில்லில் எழுதி வாங்குங்கள். மலிவான காப்பினால் மிச்சமாகும் பணம், குலைதள்ளிய வாழை நீரின்றி வாடும் நஷ்டத்திற்கு ஈடாகாது.