குட்டி யானைக்கு கியர் ஆயில்: நாமே மாற்றக் கற்றுக்கொள்வோம்



சேமிப்பு நோட்டு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் ஆகியவற்றை எழுதுவது எப்படி என்று இந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். இந்த மாதப் பாடத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். குழுக் கடனில் வாங்கிய சுமை வண்டியின் கியர் ஆயிலைப் பார்ப்பது, மாற்றுவது பற்றிய பாடம் இது. "இது டிரைவர் வேலை, மெக்கானிக் வேலை, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நடந்தது என்ன?

முடிச்சூர் பக்கத்தில் ஒரு குழு. பன்னிரண்டு பேர். வங்கிக் கடனில் பழைய குட்டி யானை வண்டி ஒன்று வாங்கினார்கள். மணிமங்கலம், படப்பை பக்கத்துத் தோட்டங்களில் இருந்து கத்தரி, வெண்டை, கீரை ஏற்றி தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுதான் தொழில். உறுப்பினர் ஒருவரின் தம்பி வண்டி ஓட்டினார். தவணை தவறாமல் போனது. கூட்டமைப்புக் கூட்டத்தில் அந்தக் குழுவை நாங்களே எடுத்துக்காட்டாகச் சொன்னதும் உண்டு.

ஒருநாள் கியர் விழ மறுத்தது. சில நாட்களாகவே உள்ளே ஒரு ஊளைச் சத்தம் இருந்திருக்கிறது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார்கள். கியர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே எண்ணெய் அநேகமாக இல்லை. சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் போயிருக்கிறது. பல்சக்கரங்களின் பல் தேய்ந்து கிடந்தது. கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றியது என்று மெக்கானிக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வண்டியை விற்றவரிடம் வாங்கும்போது யாரும் கேட்கவும் இல்லை.

வண்டி நின்றது. தவணை நிற்கவில்லை. சேமிப்பில் இருந்து எடுத்துக் கட்டினார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உள்கடன் கேட்டிருந்த ஒரு அக்காவுக்கு, "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கோபப்படவில்லை. "வண்டிய வாங்கறப்ப கையெழுத்து போட்டோம். அதுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒருத்தரும் குனிஞ்சு பாக்கல" என்று மட்டும் சொன்னார்.

தவறு அவர்களுடையது மட்டும் இல்லை. மாதாமாதம் அந்தக் குழுவின் நோட்டுகளைத் தணிக்கை செய்தவர்கள் நாங்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் கேட்போம். வண்டிக்கு எப்போது எண்ணெய் மாற்றினீர்கள் என்ற கேள்வி எங்கள் படிவத்திலேயே இல்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குட்டி யானைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஓடினால்தான் அது சொத்து. நின்றுவிட்டால் கடன்.

கியர் ஆயில் என்ன செய்கிறது?

டாடா ஏஸ் வண்டி 2005-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. முக்கால் டன் சுமை ஏற்றும் சின்ன வண்டி. சந்துகளிலும் நுழையும் என்பதால் நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்த வண்டியில் மூன்று இடங்களில் தனித்தனி எண்ணெய் இருக்கிறது. ஒன்று எஞ்சின் ஆயில். இரண்டாவது கியர் பெட்டியில் இருக்கும் கியர் ஆயில். மூன்றாவது பின் சக்கர அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியும் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஆயில். ஒன்றை மாற்றினால் மற்றதை மாற்றியதாக ஆகாது. "ஆயில் மாத்தியாச்சு" என்று யாராவது சொன்னால், "எந்த ஆயில்?" என்று கேளுங்கள்.

கியர் பெட்டிக்குள் இரும்புப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கடித்தபடி சுற்றுகின்றன. முழுச் சுமையும் அந்தப் பற்களின் மேல்தான் அழுத்துகிறது. இரும்பும் இரும்பும் நேராக உரசாதபடி நடுவில் மெல்லிய படலமாக நிற்பது எண்ணெய். சூட்டை வாங்கிக் கொள்வதும், துருப்பிடிக்காமல் காப்பதும் அதுவே. எங்களுக்குப் பாடம் எடுத்த மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் சொன்னார்: "தோசைக்கல்லுல எண்ணெய் இல்லன்னா மாவு ஒட்டுது. இங்க எண்ணெய் இல்லன்னா இரும்பே ஒட்டுது."

மாற்றும் முன்

புது வண்டிக்கு வாரண்டி இருந்தால் நீங்களே திறக்காதீர்கள். கம்பெனி சர்வீஸில் மாற்றி பில் வாங்கி வையுங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கும் பழைய வண்டிக்கும்தான் இந்தப் பாடம்.

எந்தத் தரம், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட அதுதான் கணக்கு. இ.பி. 80, இ.பி. 90 என்று டப்பாவில் இருக்கும் எண் எண்ணெயின் தடிமனைக் குறிப்பது. கையேடு தொலைந்திருந்தால் கம்பெனி சர்வீஸ் மையத்தில் வண்டியின் மாடலைச் சொல்லிக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். சீல் உடையாத டப்பாவை பில்லோடு வாங்குங்கள்.

தேவையானவை: சரியான அளவு ஸ்பேனர், அகலமான பழைய பேசின், புனலும் ரப்பர் குழாயும், வேஸ்ட் துணி, அடைப்பு போல்ட்டுக்குப் புது வாஷர், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க நாலு கட்டை.

பாதுகாப்பு முக்கியம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சாவி, கீழே வேலை செய்பவர் கையில் இருக்கட்டும். முந்தானை, துப்பட்டா, வளையல் தொங்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை விடவே கூடாது. ஜாக்கி நழுவினால் நகர நேரம் கிடைக்காது. நாங்கள் பழகிய வீட்டில், முன்பு லாரி வைத்திருந்தபோது வெட்டிய பள்ளம் இருந்தது. வண்டியை அதன் மேல் நிறுத்தினோம். பள்ளம் இல்லாதவர்கள் வாட்டர் சர்வீஸ் கடையில் கேட்டு அங்கேயே மாற்றலாம்.

மாற்றும் முறை

1. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஆறிய பாகு வடியாது, இளஞ்சூட்டில் வடியும். எண்ணெயும் அப்படித்தான். அடியில் தங்கிய துகளும் சேர்ந்து வரும். கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருங்கள்.

2. கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஊற்றும் அடைப்பு, அடியில் வடிக்கும் அடைப்பு என இரண்டு இருக்கும். முதலில் ஊற்றும் அடைப்பைத் திறந்து பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்ட பிறகு மேல் அடைப்பு துருப்பிடித்துத் திறக்காமல் போனால், எண்ணெய் இல்லாத வண்டியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

3. பேசினை வைத்து அடி அடைப்பைக் கழற்றி முழுவதும் வடிய விடுங்கள். அவசரம் வேண்டாம்.

4. வடிந்த எண்ணெயை அளந்து பாருங்கள். கையேட்டில் உள்ள அளவைவிட நன்றாகக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் புது எண்ணெய் ஊற்றிப் பயனில்லை.

5. அடி அடைப்பைத் துடைத்து, புது வாஷர் போட்டு மூடுங்கள். இறுக்கமாக இருந்தால் போதும். முழு பலத்தையும் போட்டால் மரை போய்விடும்.

6. பக்கத்து துளை வழியாகக் குழாய் விட்டு மெதுவாக ஊற்றுங்கள். வண்டி சமமாக நிற்கும்போது அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் வந்து வழியத் தொடங்கினால் அளவு சரி. மூடிவிடுங்கள்.

7. ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

டிஃபரன்ஷியலுக்கும் இதே முறைதான். எண்ணெயின் தரம் மட்டும் வேறாக இருக்கலாம். கையேட்டைப் பாருங்கள்.

பழைய எண்ணெய் பேசும்

வடித்த எண்ணெயை உடனே ஓரம் தள்ளாதீர்கள். வெளிச்சத்தில் பாருங்கள். சில வண்டிகளில் அடி அடைப்பில் காந்தம் இருக்கும். அதில் கண்மை போல நைசான பொடி ஒட்டியிருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு, பல் துண்டு இருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இந்தக் கடைசி அடையாளம் நம் பகுதிக்கு ரொம்ப முக்கியம். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் புகுந்ததை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர் பக்கம் தண்ணீர் நின்றது. ஓடிச் சூடான கியர் பெட்டி வெள்ளத்தில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது மேலே உள்ள சின்னக் காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக் கொள்ளும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று ஓட்டினால், தண்ணீர் கலந்த எண்ணெயில் பேரிங் துருப்பிடித்துச் சில வாரம் கழித்துத்தான் சத்தம் போடும். அதனால் வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், மூன்று எண்ணெயையும் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது பொருந்தாது

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் பலர் வீட்டு வாசலிலேயே இந்த வேலையைச் செய்கிறார்கள். அங்கே கியர் தானாக மாறும் வண்டிகள் அதிகம். அதில் ஊற்றுவது பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும் மெல்லிய எண்ணெய். பல்லைக் காப்பதோடு, அழுத்தத்தால் கியரை மாற்றும் வேலையையும் அந்த எண்ணெயே செய்கிறது. வடித்தாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும், வடிகட்டியும் உண்டு, அளவு பார்க்கும் முறையும் வேறு. கையேடு சொன்னால் ஒழிய ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஊற்றவே கூடாது.

வடித்த எண்ணெயை என்ன செய்வது?

மண்ணில் கொட்டாதீர்கள். கொசு சாகும் என்று கால்வாயில் ஊற்றாதீர்கள். நம் வீட்டுக் கிணறும் ஏரியும் ஒரே நிலத்தடி நீரைக் குடிப்பவை. பயன்படுத்திய எண்ணெய் சட்டப்படி அபாயகரமான கழிவு. டப்பாவில் மூடி வைத்து, அதைச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் மையத்தில் கொடுங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டுப் பழைய சாமான்காரரிடம் போடுங்கள். இல்லாவிட்டால் அதே டப்பாவில் போலி எண்ணெய் நம்மிடமே திரும்பி வரலாம். கையைச் சோப்பால் கழுவுங்கள், பெட்ரோலால் வேண்டாம்.

வண்டி நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், எந்த ஆயில், எந்தத் தரம், எத்தனை லிட்டர், பில் தொகை, யார் முன்னிலையில் மாற்றியது என்று எழுதுங்கள். பழைய வண்டி வாங்கினால் முந்தைய கணக்கை நம்பாமல் எல்லா எண்ணெயும் மாற்றி, அன்றே முதல் வரியை எழுதுங்கள். அதிகச் சுமை, தண்ணீரில் ஓட்டம் என்றால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே திறந்து பாருங்கள்.

அந்த முடிச்சூர் குழுவின் வண்டி இப்போது மீண்டும் ஓடுகிறது. கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடித்ததும் வண்டி நோட்டை வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது முறை எண்ணெய் மாற்றியபோது ஸ்பேனர் பிடித்தவர், கல்லூரிக் கட்டணத்துக்குக் காத்திருந்த அதே அக்கா. டிரைவர் தம்பி பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். எங்கள் தணிக்கைப் படிவத்திலும் ஒரு கேள்வி கூடியிருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

- நம் குழு வண்டிக்குக் கடைசியாகக் கியர் ஆயில் மாற்றியது எப்போது? பில் எங்கே இருக்கிறது?
- வண்டியின் கையேடு யாரிடம் இருக்கிறது? ஊக்குநரும் பிரதிநிதியும் அதைப் பார்த்திருக்கிறார்களா?
- வண்டி ஒரு மாதம் நின்றால் தவணையை எதிலிருந்து கட்டுவோம்?
- மழைக்காலத்தில் வண்டியை நிறுத்த மேடான இடம் எது?

வண்டி இல்லாத குழுக்களும் பேசலாம். மாவு அரைக்கும் கிரைண்டர், தையல் மெஷின் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: அதற்கு எண்ணெய் போட்டது எப்போது?