செவிப்புலனற்றோரும் அணுகல் வசதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலை, செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்காக 1956 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. செவிப்புலனற்றோர் பலர் சைகை மொழியில் உரையாடுகின்றனர். இது வெறும் அபிநயமன்று; தனக்கென இலக்கணம் உடைய மொழியாகும்.

சமையலறையை உதாரணமாகக் கொள்வோம். கடுகு வெடிப்பதை நாம் காதால் அறிகின்றோம். செவிப்புலனற்றவர் கண்ணாலும் மணத்தாலும் அறிகின்றார். புட்டு அவிந்ததை ஆவியே காட்டிவிடும். எனவே சமைப்பதில் அவருக்குத் தடையில்லை. எனினும் உடனிருப்போர் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. கைகளாற் பேசுவதால், அவர் கத்தியைக் கீழே வைக்கும்வரை காத்திருத்தல்.
2. சைகையும் முகபாவமும் தெரியப் போதிய வெளிச்சம் வைத்திருத்தல்.
3. கொதிக்கும் எண்ணெயருகே நிற்பவரைப் பின்னாலிருந்து திடீரெனத் தொடாது, முன்னால் வந்து கையசைத்தல்.
4. வாசல் மணியுடன் ஒளிரும் விளக்கொன்றை இணைத்தல்.

வீட்டுக்கு வெளியே நிலைமை கடினமானது. வைத்தியசாலையில் மருந்தின் அளவைத் தவறாக விளங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி அனுமதியிலும் வேலைவாய்ப்பிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கின்றது. இலங்கை 2016 இல் ஏற்றுறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, சைகைமொழி உரைபெயர்ப்பாளரையும் அணுகல் வசதியாகக் குறிப்பிடுகின்றது.

மாதிரி வினா: பொதுக் கட்டடமொன்றில் சாய்தளப் பாதை மட்டும் அமைத்தல் போதுமானதா? காரணம் தருக.

விடை: போதாது. சாய்தளம் உள்ளே செல்ல உதவும். உள்ளே சொல்லப்படுவதைச் செவிப்புலனற்றவர் விளங்கிக்கொள்ள உரைபெயர்ப்பாளரோ எழுத்துமூல அறிவித்தலோ தேவை.