தீம் பார்க் டூரா? முதல்ல அளவு நாடாவை எடுங்க!

பரீட்சை முடியப் போகுது என்றாலே போதும்... "கிளாஸ்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்க, நாம எப்பப்பா போறது?" என்று வீட்டுக்கு வீடு கச்சேரி ஆரம்பமாகிவிடும். அப்பா பர்ஸைத் தடவுவார். அம்மா, "அங்க போய் காய்ச்சல் வாங்கிட்டு வரணுமா?" என்பார். இரண்டு பேர் கவலையும் நியாயமானதுதான். ஆனால், கொஞ்சம் திட்டம் போட்டால் பர்ஸும் கரையாது, உடம்பும் கெடாது. அது எப்படி என்பதை, கப்பலூரில் இருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை வைத்தே பாடம் பாடமாகப் பார்ப்போமா?

குடும்பம் இதுதான். சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அப்பா. வீட்டையும் பார்த்து, தையலும் தைக்கும் அம்மா. பத்து வயசுப் பையன், நாலு வயசுப் பொண்ணு. கூடவே, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் அப்பத்தா. நம்ம ஊரில் பாதி வீடு இப்படித்தானே? அதனால் இதை ஒரு மாதிரிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பாடம் 1: டிக்கெட் யாருக்கு?

தமுக்கம் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றி வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஏறுகிறவர் மட்டும்தான் காசு கொடுப்பார். அமெரிக்காவில் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டில்கூட ஆரம்பத்தில் ராட்டினத்துக்கு ராட்டினம் தனிச் சீட்டுதான். 1982-ல்தான் அதை அடியோடு நிறுத்தினார்கள். இன்றைக்குப் பெரிய பார்க்குகளில் வாசலிலேயே ஒரே டிக்கெட். உள்ளே போய் நீங்கள் இருபது முறை சறுக்கினாலும் சரி, பையைக் காவல் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் சரி, காசு ஒன்றுதான்!

அதனால்தான் சொல்கிறோம், முதலில் அளவு நாடாவை எடுங்கள். பல பார்க்குகளில் குழந்தை டிக்கெட்டுக்கு வயசு கணக்கு இல்லை; உயரம்தான் கணக்கு. உள்ளே போன பிறகும் ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஒரு அளவுகோல் நிற்கும். வேகமான, தலைகீழாகச் சுற்றும் ராட்டினங்களுக்கு 140 செ.மீ. கேட்கும் இடங்கள் உண்டு. பத்து வயசுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 138 செ.மீ.; நாலு வயசுக் குழந்தைக்கு 103 செ.மீ.

இப்போது நம்ம குடும்பத்தைப் பாருங்கள். பெரியவர் டிக்கெட் 1,000 ரூபாய், குழந்தை டிக்கெட் 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், மொத்தம் 4,600 ரூபாய். ஆனால், பையன் இரண்டு செ.மீ. வித்தியாசத்தில் பெரிய ராட்டினத்துக்கு வெளியே நிற்பான். அப்பத்தா எதிலும் ஏற முடியாது. சின்னவளைப் பார்த்துக்கொள்ள அம்மா கீழேயே நிற்க வேண்டும். ஆகமொத்தம், பெரிய ராட்டினங்களில் ஏறப்போவது அப்பா ஒருத்தர்தான்! 4,600 ரூபாய் கொடுத்து அப்பாவை மட்டும் சுற்ற விடுவதா?

இந்த வயசில் பிள்ளைகள் வருஷத்துக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர்வார்கள். அடுத்த வருஷம் அதே பையன் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவான். ஆகவே, பெரிய பார்க்கை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். இந்த வருஷம் பக்கத்தில் உள்ள பார்க்குக்குப் போய் வாருங்கள். மிச்சப்படும் பணம் அடுத்த வருஷத்துக்கு முதல். குழந்தைக்கும், "உன் உயரத்தைச் சுவத்துல குறிச்சு வைப்போம், கோட்டைத் தொட்டதும் போறோம்" என்று சொல்லிப் பாருங்கள்... பால் டம்ளர் தானாகக் காலியாகும்!

பாடம் 2: எங்கே போகலாம்?

கப்பலூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, மதுரை-திண்டுக்கல் ரோட்டில் பரவையில் உள்ள 'அதிசயம்'. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். லாட்ஜ் செலவு கிடையாது. பஸ்ஸில் போவதானால் ஆரப்பாளையம் போய், அங்கிருந்து பரவை, சமயநல்லூர் பக்கம் போகும் பஸ் பிடிக்கலாம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்ற திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. அம்மாவும் அப்பத்தாவும் அந்த பஸ்ஸில் ஏறினால் அந்தக் காசும் மிச்சம்.

இரண்டாவது, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் உள்ள 'பிளாக் தண்டர்'. மதுரையிலிருந்து கோவை வரை ரயில், பிறகு மேட்டுப்பாளையத்துக்கு ரயிலோ பஸ்ஸோ. ஒரு ராத்திரி தங்க வேண்டி வரும்.

மூன்றாவது, கொச்சி 'வொண்டர்லா'. 2000-ல் 'வீகாலேண்ட்' என்ற பெயரில் திறந்ததுதான் இது. குமுளி மலைப்பாதையில் வேன் பிடித்துப் போனால் வளைவுக்கு வளைவு வாந்திதான். ரயிலில் போனால் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. மதுரை-குருவாயூர் ரயில் 2023 ஆகஸ்ட்டிலிருந்து செங்கோட்டை, கொல்லம் வழியாக எர்ணாகுளம் போகிறது.

ரயிலில் ஐந்து வயசுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் என்றால், தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். பெர்த் வேண்டாம் என்றால் பாதி. இது 2016 ஏப்ரலில் வந்த விதி. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. காலண்டரில் அந்தத் தேதியை இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

பாடம் 3: எப்போது போகலாம்?

மே மாசத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை போனால் நாலு ராட்டினம் ஏறுவதற்குள் பொழுது போய்விடும். கியூவில் வெயில் காய்வதுதான் மிச்சம். வார நாளில், அதிலும் செவ்வாய், புதன், வியாழனில் கூட்டம் குறைவு. காலாண்டுப் பரீட்சை லீவு நல்ல நேரம். கத்திரி வெயிலும் கிடையாது, ஐப்பசி மழையும் பிடித்திருக்காது. சில பார்க்குகளில் வார நாளுக்குக் குறைந்த கட்டணமும் இருக்கும்.

போகும் முன் பார்க்குக்கு ஒரு போன் போட்டு இந்த ஐந்தையும் கேட்டுவிடுங்கள்: என்றைக்கு லீவு? விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா? குழந்தை டிக்கெட்டுக்கு உயரம் எவ்வளவு? வெளிச் சாப்பாடு அனுமதி உண்டா? சாப்பிட வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போகலாமா? பார்க் டிக்கெட்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். 18 என்றாலும் ஐந்து டிக்கெட்டுக்குச் சேர்த்துப் பார்த்தால் கணிசமான தொகைதான்!

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிலக்குத் தேதியையும் பார்த்து நாளைக் குறியுங்கள். "தள்ளிப்போடுற மாத்திரை ஒண்ணு கொடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்க வேண்டாம். ரத்தக்குழாயில் அடைப்பு வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. டாக்டரைக் கேட்டே தீரவேண்டும்.

பாடம் 4: ஐந்து கவர்

மொத்தப் பணத்தையும் ஒரே பர்ஸில் வைத்தால் அது எங்கே போனதென்றே தெரியாது. ஐந்து கவர் எடுங்கள்.

முதல் கவர் நுழைவு டிக்கெட். இரண்டாவது பயணம். மூன்றாவது சாப்பாடு. நாலாவது சில்லறைச் செலவு. லாக்கர், நீச்சல் உடை வாடகை, போட்டோ, பொம்மை எல்லாம் இதில் அடங்கும். ஐந்தாவது அவசரத்துக்கு. இந்தக் கவரைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டு வந்தால் நீங்கள்தான் கெட்டிக்காரர்!

திட்டம் உடைவது பெரும்பாலும் நாலாவது கவரில்தான். தண்ணீர் விளையாட்டுக்குப் பல இடங்களில் நைலான் உடைதான் கேட்பார்கள், பருத்தி ஆகாது. ஐந்து பேருக்கும் வாடகை கொடுப்பதற்குப் பதில், ஊரிலேயே சொந்தமாக வாங்கிவிடலாம். அடுத்த வருஷமும் உதவும். குழந்தைகளுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கையில் கொடுத்து, "இதுதான் உன் பங்கு, யோசிச்சு செலவு பண்ணு" என்று விட்டுவிடுங்கள். ஐஸ்கிரீமா, பொம்மையா என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அடமும் குறையும், கணக்கும் வரும்.

சாப்பாட்டுக்கு, காலையில் வீட்டு இட்லி. எண்ணெய் விட்டுப் பொடி தடவிக் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும். புளியோதரையானாலும் கட்டி நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. சாதம் வெக்கையில் கிடந்தால் அதில் வளரும் கிருமியே வாந்தியைக் கொண்டுவரும். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லாத பார்க் என்றால், வாசலுக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மதியம் ஒரு வேளை மட்டும் உள்ளே வாங்கலாம். சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது ராட்டினப் பக்கம் போகாதீர்கள்.

பாடம் 5: உடம்பு பத்திரம்

கர்ப்பிணிகள், இதய நோய், ரத்தக் கொதிப்பு, வலிப்பு உள்ளவர்கள், கழுத்து, முதுகு ஆபரேஷன் ஆனவர்கள் வேகமான ராட்டினத்தில் ஏறக்கூடாது. "ஒரு தடவைதானே" என்று யாரும் இழுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

அப்பத்தா விஷயத்துக்கு வருவோம். தண்ணீர்ப் பகுதியில் செருப்பு போட விடமாட்டார்கள். மதிய வெயிலில் சிமெண்ட் தரை தோசைக்கல்லாகக் காயும். நமக்குச் சுட்டால் துள்ளி ஓடுவோம். ஆனால், நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. சாயங்காலம் பார்த்தால் கொப்புளம்! அது புண்ணாகி மாசக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய விட்டுவிடும். அவரை நிழலிலேயே, செருப்போடு உட்கார வையுங்கள். மாத்திரை, பிஸ்கட், ஒரு சாக்லேட் அவர் கைப்பையிலேயே இருக்கட்டும். "நான் வீட்லயே இருக்கேன்டா" என்று அவரே சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால், கேட்காமல் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சின்னக் குழந்தை தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆகவேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். கையில் மாட்டும் காற்றுப் பையை நம்பாதீர்கள். இரண்டு பேரும் "நீ பார்ப்பேன்னு நினைச்சேன்" என்று சொல்லும் நிலைமை வரவே கூடாது. மணிக் கணக்கு வைத்து முறை மாற்றுங்கள்: பன்னிரண்டு வரை அப்பா குழந்தையோடு, அம்மா விளையாடட்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டிலும் வேலை, டூரிலும் பை காவல் என்றால் அம்மாவுக்கு மட்டும் லீவே கிடையாதா?

வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். தண்ணீரை வாயில் வைத்துத் துப்பும் விளையாட்டும் வேண்டாம். காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்துத் துண்டால் ஒற்றுங்கள்; பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு இறங்குங்கள்.

வியர்த்துச் சோர்ந்து, வயிறும் கலங்கினால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த அளவில் இல்லாத சர்க்கரைத் தண்ணீர் டப்பாக்களில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று அச்சிடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கலக்கக்கூடாது.

துப்பட்டா, தளர்ந்த சடை, முந்தானை மூன்றும் ராட்டினத்துக்கு எதிரி. 2018 பிப்ரவரியில் ஹரியானாவில் பிஞ்சோர் தோட்டத்தில், கோ-கார்ட் வண்டியில் தலைமுடி சிக்கி ஒரு இளம்பெண் இறந்தே போனார். முடியைக் கொண்டையாக இறுக்கிக் கட்டுங்கள். 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ராட்டினமே உடைந்து இரண்டு பேர் பலியானார்கள். பெல்ட் சரியாக மாட்டவில்லை, கம்பி ஆடுகிறது, ஊழியர் வந்து சோதிக்கவில்லை... இதில் எது இருந்தாலும் உடனே இறங்கிவிடுங்கள். வெட்கம் வேண்டாம்.

கிளம்பும் முன்...

அன்று காலை போட்ட உடையோடு குழந்தைகளை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பாக்கெட்டில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று உள்ளே நுழைந்ததுமே ஓர் இடம் காட்டுங்கள். வண்டியில் வாந்தி வரும் குழந்தையை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துத் தூரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் புத்தகமோ செல்போனோ கொடுக்காதீர்கள். அவசரம் என்றால் 108.

திரும்பி வந்ததும் எல்லோருக்கும் சோப்புக் குளியல், ரசம் சாதம், சீக்கிரம் தூக்கம். மறுநாள் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓடாமல் ஒரு நாள் ஓய்வு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. காதுவலி, விடாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டும்போது, தண்ணீர்ப் பார்க்குக்குப் போய் வந்ததையும் சொல்லுங்கள்.

யாருடைய உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று முதலில் பாருங்கள். பட்ஜெட் தானாக அதற்குள் அடங்கிவிடும். என்ன, சுவரில் கோடு போட பென்சில் எடுத்தாச்சா?