என் கவிதையும் என் பென் டிரைவும்



போன மாதம் இதே சுவரில் மழையைப் பற்றி நான் எழுதிய கவிதையைப் படித்திருப்பீர்கள். ஒரு மாணவன் அதை அப்படியே பார்த்து எழுதி, தன் பெயரைப் போட்டு, வெளியில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்பிவிட்டான். பரிசும் வாங்கிவிட்டான்! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே தமிழ் ஐயாவிடம் ஓடினேன்.

"ஐயா, என் கவிதையைத் திருடிட்டான் ஐயா!"

"விசாரிக்கிறேன்ப்பா. ஆமா, கிளாஸ்ல எல்லாருக்கும் புதுப்படம் ஏத்திக் குடுக்கிறது நீதானே? அதெல்லாம் ஏது?"

"அது நெட்ல சும்மா கிடைக்குது ஐயா."

"உன் கவிதையும் சுவத்துல சும்மாதானே இருந்துச்சு?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று ஐயா சொன்னதையும், பிறகு நூலகத்தில் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பதிப்புரிமை என்றால் என்ன?

கதை, கவிதை, பாட்டு, படம், கம்ப்யூட்டர் புரோகிராம் எதுவானாலும், அதை நகல் எடுக்கவும் விற்கவும் பிறருக்குக் கொடுக்கவும் படைத்தவருக்கு உள்ள உரிமையே பதிப்புரிமை. நம் நாட்டில் இதற்கான சட்டம் 1957இல் வந்தது. எங்கேயும் பதிவு செய்யவேண்டிய அவசியம்கூட இல்லை. எழுதிய உடனே உரிமை வந்துவிடும். இந்தச் சுவரிதழில் நாம் எழுதுவதற்கும் அது உண்டு!

எத்தனை வருடம்?

எழுத்துக்கும் இசைக்கும் படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 60 வருடமும். சினிமாவுக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளிவந்ததிலிருந்து 60 வருடம். அதற்குப் பிறகு அது எல்லாருக்கும் பொது. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசே வாங்கி, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதனால் அவற்றை யாரும் அச்சிடலாம், பாடலாம். ஆனால் ஒரு கம்பெனி அதே பாட்டுக்குப் புதிதாக இசையமைத்துப் பதிவு செய்தால், அந்த ஒலிப்பதிவு அந்தக் கம்பெனிக்குச் சொந்தம்.

"நான் எடுத்தேன், கொடுக்கலையே!"

நானும் இப்படித்தான் நினைத்தேன். ஆனால் டோரன்ட் முறையில் ஒரு படத்தை இறக்கும்போது, நமக்கு வந்துசேர்ந்த துண்டுகளை நம் கம்ப்யூட்டர் அதே நேரத்தில் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதாவது நமக்கே தெரியாமல் நாம் விநியோகஸ்தர் ஆகிவிடுகிறோம்!

இந்தச் சண்டை புதிதல்ல. 1999இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் 'நாப்ஸ்டர்' என்ற மென்பொருளை உருவாக்கினார். கோடிக்கணக்கானவர்கள் அதன்மூலம் பாட்டுகளைப் பரிமாறிக்கொண்டார்கள். இசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2001இல் அந்தச் சேவை மூடப்பட்டது.

தண்டனை என்ன?

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தியேட்டரில் உட்கார்ந்து படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதற்கு 2023இல் வந்த சட்டத் திருத்தத்தில் தனியாகவே தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோ தொழில் செய்பவர்கள்மேல் குண்டர் சட்டமே பாயும்.

நஷ்டம் யாருக்கு?

"கோடீஸ்வர நடிகருக்கு என்னடா குறையப்போகுது?" என்று கேட்கிறோம். பாட்டு எழுதியவரை நினைத்துப் பாருங்கள். 2012இல் செய்த திருத்தத்தின்படி, சினிமாப் பாட்டு ரேடியோவிலும் டிவியிலும் ஒலிக்கும்போது வரும் பணத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. "வேண்டாம்" என்று அவர்களே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. ஆனால் என் பென் டிரைவிலிருந்து போன பாட்டுக்கு அவர்களுக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை.

எது தப்பில்லை?

* ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவு எடுத்தாளலாம்.
* பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னால் பாட்டுப் போடலாம். ஆகவே ஆண்டுவிழா டான்ஸுக்குப் பயம் வேண்டாம்!
* பழந்தமிழ் நூல்கள் வேண்டுமா? 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றை இலவசமாகவே தருகிறது.
* படைத்தவரே இலவசமாகத் தந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு என்ன ஆச்சு?

ஐயா விசாரித்தார். அந்த மாணவன் உண்மையை ஒப்புக்கொண்டு போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதினான். அன்று சாயங்காலம் நானும் பென் டிரைவில் இருந்த 12 படங்களையும் முந்நூறு பாட்டுகளையும் அழித்தேன். அழிக்கும்போது மனசு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். "பெரிய யோக்கியன் ஆயிட்டான்டா" என்று சொல்லி இரண்டு நண்பர்கள் இன்னும் என்னோடு பேசவில்லை. அவர்களும் இதைப் படிப்பார்கள் என்றுதான் எழுதினேன்.

நம் பெயரை அழித்தால் நமக்கு வலிக்கிறது. அடுத்தவருக்கும் அப்படித்தானே?

சிந்திப்போம் நண்பர்களே!

- 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்