தொலைபேசிக் கள்வரும் வங்கிக் கணக்கும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, சங்க இலக்கியத்தில் யாதாயினும் ஒரு பொருளை எடுத்து எழுதலாம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். பின்னர் அவ்வெண்ணத்தைக் கைவிட்டோம். எம்முடன் பல்லாண்டு கற்பித்து ஓய்வுபெற்ற பெரியார் ஒருவருக்கு நேர்ந்த இழப்பே அதற்குக் காரணம். 33 ஆண்டுச் சேவைக்குக் கிடைத்த பணிக்கொடையின் பெரும்பகுதியை அவர் ஒரு முற்பகலில், ஏறக்குறைய 15 நிமிடத்தில், தமது வீட்டு விறாந்தையில் இருந்தபடியே இழந்தார். வாயிற்கதவு திறக்கப்படவில்லை, பூட்டு உடைக்கப்படவில்லை. கள்வன் தொலைபேசியில் கேட்டான், அவர் கொடுத்தார்.

கேட்டவன் முன்பின் அறியாதவன். ஆயினும் பெரியாரின் முழுப்பெயரையும், தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும், பிறந்த திகதியையும் அவன் பிழையின்றிச் சொன்னான். "ஐயா, எங்கள் பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது; சரிதானே?" என்று பணிவுடன் வினவினான். இவ்வளவும் அறிந்தவன் வங்கி அலுவலனாகவே இருத்தல் வேண்டும் என்று பெரியார் நம்பினார். அவர் வழுக்கிய இடம் இதுவே. கற்றோர் பலர் வழுக்கும் இடமும் இதுவே. ஆதலின் இதனைச் சற்று விரித்து நோக்குவாம்.

அடையாள அட்டை இலக்கத்தை ஒரு பகுபதம் போலப் பிரித்துப் பார்க்கலாம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் பிறந்த நாள் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்பாலாயின் அந்நாட்கணக்குடன் 500 கூட்டப்படும். ஓர் இலக்கம் 58061 எனத் தொடங்கின் அவர் 1958 மார்ச் 1 ஆம் திகதி பிறந்த ஆண். 58561 எனத் தொடங்கின் அதே நாளிற் பிறந்த பெண். (பெப்ரவரி மாதம் எவ்வாண்டிலும் 29 நாளாகவே இக்கணக்கிற் கொள்ளப்படும்.) 2016 தொடக்கம் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்தது, முறை மாறவில்லை. ஆகவே, அட்டை இலக்கத்தை அறிந்தவன் பிறந்த திகதியைத் தனியே தேட வேண்டியதில்லை.

அவ்விலக்கமோ எங்கெல்லாம் கிடக்கின்றது! நிழற்பிரதி எடுத்த கடையில், தங்குவிடுதிப் பதிவேட்டில், தவணை முறையில் தையல் இயந்திரம் வாங்கிய இடத்தில், சிம் அட்டை விற்றவரிடத்தில். எம்மைப்பற்றி ஒருவன் அறிந்திருத்தல் வேறு. அவன் தன்னை இன்னான் என நிறுவுதல் வேறு. முன்னது பின்னதற்கு அத்தாட்சியாகாது. அட்டையின் பிரதியைக் கொடுக்க நேரின், இன்ன தேவைக்கு, இன்ன திகதியிற் கொடுக்கப்பட்டது என்று அதன் குறுக்கே மையினால் எழுதிக் கொடுத்தல் நன்று.

இனி, கள்வனிடம் இல்லாத மறுபாதியைப் பார்ப்போம். அது கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஒருமுறைக் கடவெண், ஓ.ரி.பி. என்று வழங்குவது. பெரியாருக்கு வந்த செய்தியை வாங்கிப் பார்த்தோம். இன்ன தொகையைச் செலுத்துவதற்கான எண் இது, எவருக்கும் வெளியிட வேண்டாம் என்று அதில் ஐயத்துக்கிடமின்றி இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் எண்ணை வாசித்தார், வாக்கியத்தை வாசிக்கவில்லை. வாக்கியத்தை முற்றாக வாசித்து எழுவாய் பயனிலை காண்க என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குச் சொன்னவர் அவர்! ஆயினும் அவரை மாத்திரம் குறைகூறுதல் நீதியன்று. தமிழ் வாடிக்கையாளருக்கு எச்சரிக்கையைத் தமிழில் அனுப்புதல் ஒரு வங்கிக்கு அரிய செயலோ? நாம் கேட்டு எழுதல் வேண்டும்.

அக்கடவெண்ணை ஆக்கியது வங்கியின் கணினி. தான் ஆக்கி அனுப்பிய எண்ணை எம்மிடமே தொலைபேசியிற் கேட்டறிய வங்கிக்கு யாது தேவை? இவ்வொரு வினாவை உள்ளத்தில் எழுப்பினாற் போதும். அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கமும், இணையவழிக் கணக்கின் கடவுச்சொல்லும் இவ்வாறே.

கள்வர் பேச்சில் இன்னொரு குறியும் உண்டு. விரைவு காரணமாக எதிர்காலத்தை இறந்தகாலத்தாற் கூறுவதை நன்னூலார் வழுவமைதியாகக் கொள்வர். உண்டுகொண்டிருப்பவனை வா என்றழைத்தால் "உண்டேன், வந்தேன்" என்பான். தொலைபேசிக் கள்வனும் "உங்கள் அட்டை முடங்கிவிட்டது, பணம் போய்விட்டது" என்றே தொடங்குகின்றான். அவ்வேளை ஒன்றும் போகவில்லை. அவன் சொற்படி நடந்த பின்னரே போகும். அவனுடைய இறந்தகாலம் அமைதி பெறாத வழு.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். வட்ஸ்அப்பில் ஒரு கூட்டத்தில் இணைவதற்கென்று கூறி ஆறு இலக்க எண்ணைக் கேட்பார்கள். அதைக் கொடுத்தவரின் கணக்கு பிறர் கைக்குப் போய்விடும். பின்னர் அவருடைய பெயரும் படமும் தாங்கி, "மச்சான், அவசரம், நாளை தந்துவிடுவேன்" என்று நண்பரெல்லார்க்கும் செய்தி போகும். காசு அனுப்புமுன் சாதாரண அழைப்பில் அவருடன் பேசி, எட்டாம் வகுப்பிற் கேத்திரகணிதம் படிப்பித்தவருக்கு வகுப்பார் இட்ட பட்டப்பெயர் யாது என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்க்கு மாணவர் இட்ட பெயர்கள் ஒரு நன்மைக்கு உதவும் காலம் வந்திருக்கின்றது.

முற்காலத்திற் காசோலையைக் கொடுத்த பின்னும் வங்கிக்கு விரைந்து நிறுத்த அவகாசம் இருந்தது. 2015 தொடக்கம் இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பணம் கணப்பொழுதிற் சென்று சேர்கின்றது. ஆகவே ஏமாந்தோம் என உணர்ந்த நிமிடத்திலேயே பேச்சைத் துண்டித்து, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள வங்கி இலக்கத்தை அழைத்து, அட்டையையும் கணக்கையும் நிறுத்துவித்தல் வேண்டும். வந்த இலக்கத்தையே திரும்ப அழைத்தல் தகாது. திரையில் தோன்றும் இலக்கமும் பொய்யாக இருக்கலாம். கைத்தொலைபேசி காரணமின்றிச் சமிக்ஞை இழந்து கிடந்தால், எம் பெயரில் வேறொருவன் புதிய சிம் அட்டை பெற்றிருக்கவும் கூடும். அயலவர் தொலைபேசியில் உடனே விசாரிக்க. செய்திகளை அழித்துவிடாது வைத்து, நேரத்தையும் தொகையையும் குறித்துக்கொண்டு, வங்கிக்கு எழுத்திலும் பொலிசுக்கும் முறையிடல் வேண்டும். வங்கியின் விடை திருப்தி தராவிடின் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம்.

எம் பெரியார் இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. மானத்துக்கு அஞ்சி மூன்று நாள் மனைவியாருக்கும் சொல்லாதிருந்தார். அந்நாட்களுக்குள் பணம் பல கணக்குகளைக் கடந்து போயிற்று. அவற்றுட் சில, சிறு கூலிக்காகத் தம் கணக்கைப் பிறருக்கு ஒப்புவித்த இளைஞர்களுடையவை என அறிந்தோம். எமது மாணவர் இதனைக் கவனிக்க. கணக்கை இரவல் கொடுத்தவனையும் பொலிசார் தேடி வருவர்.

இப்பொழுது அவருடைய ஓய்வூதியம் அட்டையும் இணையவழி வசதியும் இல்லாத ஒரு கணக்கில் விழுகின்றது. மாதச் செலவுக்கு வேண்டியதை மாத்திரம் வேறொரு கணக்குக்கு மாற்றிக்கொள்கின்றார். இக்கட்டுரையின் முதற்படியை அவரிடமே காட்டினோம். மூன்று நாள் மறைத்த செய்தியை அப்படியில் நாம் எழுதவில்லை. வாசித்து முடித்து, "அதையும் எழுதும்" என்றார்.