பூனை அதிகம் தண்ணீர் குடிக்கிறதா?

பிள்ளைகள் ஆசைப்பட்டு வளர்த்த பூனை, அவர்கள் கல்லூரிக்குப் போனதும் பெற்றோர் பொறுப்பாகிவிடும். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். 15 வயதுப் பூனை அடிக்கடி தண்ணீர் குடித்தது. வெயில் காலம்தானே என்று இருந்துவிட்டோம். அது தவறு. சிறுநீரகம் பழுதானால் சிறுநீர் நீர்த்து, நிறையப் போகும், தாகம் அதனால்தான். இரத்தத்தில் கிரியாட்டினின் கூடுவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால்வாசித் திறன் போயிருக்கும். 2015இல் வந்த எஸ்.டி.எம்.ஏ. பரிசோதனை பெரும்பாலும் முன்னதாகவே காட்டிவிடும். வயதான பூனை என்றால் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இப்போது பாஸ்பரஸ் குறைந்த உணவுதான். கருவாடு, பால் இரண்டையும் நிறுத்தியாயிற்று. மருத்துவர் சொன்ன அளவு சலைனைத் தோலுக்கடியில் நாங்களே ஏற்றுகிறோம். முதல் நாள் எங்களுக்குத்தான் கை நடுங்கியது, பூனை அசையவில்லை!

இன்னொன்று: ஈஸ்டர் சமயத்தில் கடைகளில் விற்கும் லில்லிப் பூவை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம்.