எலுமிச்சை இனங்களில் குருத்து நுனி ஒட்டு: மாணவர் கற்கும் பாடம்

சாத்துக்குடி, கமலா ஆரஞ்சுத் தோட்டங்களில் ஐந்தாறு ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த மரம் இலை மஞ்சளித்து, நுனிக்கிளை காய்ந்து, சிறுத்துக் கோணிய காய்களைத் தருவதை விவசாயிகள் பலர் கண்டிருப்பீர்கள். துத்தநாகக் குறைவென்று எண்ணித் தெளிப்பதும் உண்டு. சத்துக் குறைவானால் நடுநரம்பின் இருபுறமும் மஞ்சள் ஒரே சீராக இருக்கும். இருபுறமும் வெவ்வேறாகத் திட்டுத்திட்டாக மஞ்சளித்தால் 'கிரீனிங்' என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். இதையோ, 'டிரிஸ்டிசா' என்னும் நச்சுயிரி நோயையோ மரத்திலிருந்து முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. பூச்சிகள் பரப்புவது ஒருபுறமிருக்க, நோயுற்ற தாய்மரத்தில் எடுத்துக் கட்டிய மொட்டே நோயைக் கொண்டுவந்து விடுகிறது.

விதைக்கன்று வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அதில் முள் மிகுதி. காய்ப்புக்கு வரவும் நாளாகும்.

வளரும் குருத்தின் உச்சியை நோய்க்கிருமிகள் பெரும்பாலும் எட்டுவதில்லை. அதை வெட்டி, சோதனைக் குழாயில் இரண்டு வாரம் இருட்டில் வளர்த்த வேர்ச்செடியின் மேல், உருப்பெருக்கியின் கீழ் ஒட்டுகிறோம். 1972-இல் அமெரிக்காவில் முராஷிகேயும் அவர் குழுவினரும் தொடங்கிய இம்முறையை, 1975-இல் ஸ்பெயின் நாட்டு நவாரோ அவர்களுடன் சேர்ந்து செம்மைப்படுத்தினார்.

இளநிலை மாணவர்களுக்கு இதைக் கற்பிக்கையில் கை நடுக்கம் சில நாட்களில் தீர்ந்துவிடுகிறது. கடினமான பாடம் வேறு. நுனி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கவேண்டும். சற்றுப் பெரிதாக வெட்டினால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். நோயும் கூடவே வரும். சிறிதாக வெட்டினால் தூய்மை கூடும். பல ஒட்டுகள் மடியும். பிடித்தவற்றை மட்டும் எண்ணி மகிழும் மாணவனிடம், "தம்பி, இதில் நோயற்றது எத்தனை?" என்று கேட்பேன். பி.சி.ஆர். சோதனையில் தேறாத செடி எவ்வளவு செழிப்பாயினும் எரிக்கப்படும். முதல் முறை எரிக்கும்போது அவர்கள் முகம் வாடத்தான் செய்கிறது.

தேறிய செடிக்கும் நோய் எதிர்ப்பு வந்துவிடுவதில்லை. ஆகவே தாய்ச்செடிகளைப் பூச்சி புகாத வலைக்கூடத்தில் வைத்தே மொட்டு எடுக்கவேண்டும். ஒட்டுக்கன்று வாங்கும்போது, மொட்டு எடுத்த தாய்ச்செடி எப்போது சோதிக்கப்பட்டது, எங்கே வளர்கிறது என்று நாற்றங்காலில் கேளுங்கள். நட்டபின் ஒவ்வொரு புதுத்தளிரிலும் கிரீனிங்கைப் பரப்பும் சைலிட் பூச்சியும், டிரிஸ்டிசாவைப் பரப்பும் அசுவினியும் உள்ளனவா என்று பார்த்துவருவது அவசியம்.